சாம்பலக்கா போட்ட கோடு

ஒரு பள்ளிக்கூடத்தை நெல் அம்பாரமாகப் பாவித்து, அதைச் சுற்றிச் சாம்பல் கோடு போடலாம் என்கிற யோசனை உலக வரலாற்றிலேயே ஒரே ஒரு தலையில்தான் உதித்திருக்கும். அந்தத் தலை எங்கள் ஊர்ச் சாம்பலக்காவுடையது. உதித்த நொடியில் நான் பக்கத்தில்தான் இருந்தேன். டீக்கடை பெஞ்சில் ஏறி நின்று, எங்கள் ஒன்றியத் தொடக்கப் பள்ளியை இடித்துவிட்டு ஏரிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோகப் போகிறார்கள் என்று நான் ஆவேசமாகப் பேசிக்கொண்டிருந்தேன். டீக்கடைக்காரர் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். அதுவும் நான் பழைய பாக்கி வைத்திருந்ததால். சாம்பலக்கா கடைசி வாய் டீயை உறிஞ்சிவிட்டு நிமிர்ந்தார்.

"அவன் கைய வெக்கிறதுக்கு முன்ன நாம கோடு போட்டுடணும்டா."

"இன்னா கோடுக்கா?"

"நெல்லுக்கு இன்னா கோடு போடுவ? அதான்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

நகரத்து வாசகர்களுக்காக ஒரு விளக்கம். நெல்லைக் குவித்ததும் அம்பாரத்தின் மேல் சாம்பலால் கோடு இழுப்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். எவனாவது ஒரு படி அள்ளினாலும் கோடு கலைந்து காட்டிக்கொடுத்துவிடும். போட்டவர்தான் அழிக்க வேண்டும். வேறு யார் கை பட்டாலும், கால் பட்டாலும் அவன் திருடன். விசாரணை கிடையாது, அப்பீல் கிடையாது. அறுக்க மெஷின் வந்து, விற்க ஆன்லைனில் பதிய வேண்டிய இந்தக் காலத்திலும் எங்கள் ஊரில் யாரும் திருத்தம் கொண்டுவராத ஒரே சட்டம் இதுதான். உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகும் டவுன் பஸ்ஸில் ஏறினால் வழி நெடுகக் கோடு போட்ட அம்பாரங்களைப் பார்க்கலாம்.

சாம்பலக்கா நடவுக்கும் களையெடுப்புக்கும் பெண்களைத் திரட்டிக்கொண்டு போகும் மேஸ்திரி. காலனியில் வீடு. ஐம்பதைத் தாண்டியவர்; ஆனாலும் எட்டு வயதுக்காரனுக்கும் எண்பது வயதுக்காரருக்கும் அக்காதான். ரேஷன் கார்டில் வேறு ஏதோ பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே யாரையோ கூப்பிடுவதாக நினைத்து வழிவிட்டு நிற்பார். மற்றவர்கள் சுருக்குப்பையில் வெற்றிலை பாக்கு இருக்கும். இவர் பையில் சலித்த அடுப்புச் சாம்பல்.

குழாயடியில் அவர் குடத்தைச் சுற்றிக் கோடு. கேஸ் சிலிண்டர் மூடியில் கோடு. டவுன் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் கோடு. கண்டக்டரே அங்கே உட்காரப் பயப்படுவார். ஒரு கல்யாண மண்டபத்தில் கழற்றிவிட்ட செருப்பைச் சுற்றியும் போட்டார். அன்றைக்கு மாப்பிள்ளையின் புது ஷூ காணாமல் போயிற்று. சாம்பலக்காவின் அறுந்த ரப்பர் செருப்பு மட்டும் வட்டத்துக்குள் மகாராணி மாதிரி வீற்றிருந்தது.

"பாத்தியா? எடுக்கலாம்னுதான் வந்தான். தெகிரியம் வரல" என்றார். அந்தச் செருப்பை எடுத்துப்போகக் கூலி கொடுத்தாலும் ஆள் வராது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

உத்திரமேரூரில் ரத்தப் பரிசோதனைக்குப் போனவர், ரத்தக் குப்பியின் மேலும் ஒரு சிட்டிகை பூசிவிட்டார். லேப் பெண் பதறிப்போனாள்.

"அம்மா, இன்னா பண்றீங்க?"

"நீ மாத்தி வெச்சிட்டீன்னா? எவ சக்கரையோ என் தலையில வந்து வியும்."

ரிசல்ட் வந்தது. சர்க்கரை இருந்தது. "மாத்திட்டாடா, நான் சொல்லல?" என்று இன்றுவரை சொல்லிக்கொண்டே மூன்று ஸ்பூன் போட்டு டீ குடிக்கிறார்.

இப்போது பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பள்ளிக்குப் பின்னால் இருந்த வயலை ஒருவர் வாங்கினார். கல் நட்டார், கலர் கலராகக் கொடி கட்டினார், 'நகர்' என்று பெயர் வைத்தார். மனையெல்லாம் போட்ட பிறகுதான் மெயின் ரோட்டிலிருந்து கார் நுழைய அகலமான வழி இல்லை என்பது ஞாபகம் வந்ததாம். வழியில் பள்ளிக்கூடம் உட்கார்ந்திருக்கிறது. அதனால் பள்ளிக்கூடம் நகர வேண்டும்! மனை நகரக்கூடாது, கொடிக்கம்பம் நகரக்கூடாது, முப்பது சொச்சம் பிள்ளைகள் படிக்கிற கட்டடம் நகர வேண்டும். மாற்றிடம் தானமாகத் தருகிறாராம். எங்கே? ஏரிக்கு அந்தப் பக்கம், தண்ணீர் தேங்கும் உள்வாயில். ஏரி நிரம்பினால் அங்கே தவளைகள்தான் 'உள்ளேன் ஐயா' சொல்லும். இதற்கு ஓர் அலுவலகத்தில் பரிந்துரை, இன்னோர் அலுவலகத்தில் ஒப்புதல். கையெழுத்துப் போட்ட புண்ணியவான் ஐப்பசி மாதத்தில் ஒரே ஒரு தடவை அங்கே பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு நின்றிருப்பாரா?

அங்கே படிப்பவை காலனிப் பிள்ளைகளும், கிழக்கே ஓடையோரத்து இருளர் குடியிருப்பிலிருந்து வரும் பிள்ளைகளும்தான். இரண்டாம் வகுப்பு ராசாத்தி, அவள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள். அப்பா அம்மா விடிவதற்குள் கூலிக்குக் கிளம்பிவிடுவார்கள். அவள் தம்பியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத் தானாக நடந்து வருவாள். பள்ளி ஏரிக்கு அப்பால் போனால் ராசாத்தி அங்கே போகமாட்டாள். அப்பா அம்மாவோடு சூளைக்குப் போவாள்.

"இன்னிக்கி பலப்பம் புடிக்கிற கையிடா அது. நாளைக்கி செங்கல்லு புடிக்கும். மனை போட்டவனுக்கு இது தெரியாதா? தெரிஞ்சிதான் பண்றான்" என்றார் சாம்பலக்கா.

நான் படித்தவன் ஆயிற்றே, சும்மா இருப்பேனா? 'பள்ளியைக் காப்போம்' என்று வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தேன். பத்து நிமிடத்தில் ஊரே சேர்ந்தது. மறுநாள் காலை அதில் ரோஜாப்பூக்கள் மலர்ந்தன. ஒருவர் கிடா விற்பனைக்கு இருப்பதாகப் படத்தோடு போட்டார். அதற்கு வந்த விசாரிப்புகளில் பள்ளிக்கூடம் மேலே போய் மறைந்தேவிட்டது. சரி என்று ஊர்த்தெருவில் வீடு வீடாகப் போய்க் கேட்டேன். "நம்ம புள்ளைங்கதான் வேன்ல இங்கிலீசு ஸ்கூலுக்குப் போவுதே, நமக்கின்னா வந்துச்சி?" என்றார்கள். எனக்கு வந்த கோபத்தில் அவர்கள் கொடுத்த மோரைக் குடிக்காமலே எழுந்துவிட்டேன். வெயிலில் பாதி வழி வந்த பிறகு கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

மாசி மாதம், அறுவடை மும்முரம். மறுநாள் ஜேசிபி வருகிறது, முதலில் சுற்றுச்சுவரை இடிக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. சாம்பலக்கா விடியற்காலையில் எழுந்து ஒரு கூடைச் சாம்பலோடு போய்ப் பள்ளியைச் சுற்றிக் கோடு போட்டார். சுவர் ஓரம், வேலி ஓரம், கிணற்றடி, வாசல் கேட், எதையும் விடவில்லை. போட்ட திருப்தியில் பெண்களைக் கூட்டிக்கொண்டு பெருநகர் என்கிற ஊர்ப் பக்கம் களையெடுக்கப் போய்விட்டார்.

காலை ஒன்பது மணிக்குப் பிள்ளைகள் வந்தார்கள். கோட்டைப் பார்த்தார்கள். நின்றுவிட்டார்கள். செங்கல்பட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் டீச்சர் எதுவும் புரியாமல் கேட்டைத் திறந்து காலைத் தூக்கினார்.

"டீச்சர், மிதிக்காதீங்க! திருடியாய்டுவீங்க!" என்று ராசாத்தி வீறிட்டாள்.

டீச்சர் தூக்கிய கால் அந்தரத்திலேயே நின்றது. "உள்ள திருடறதுக்கு என்னடி இருக்கு, சாக்பீஸா?" என்றார். ஆனாலும் காலை வெளியேதான் வைத்தார்.

சத்துணவு சமைக்கிற அம்மா அரிசி மூட்டை உள்ளே, தான் வெளியே என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தார். பசி வந்ததும் சின்னதுகள் அழ ஆரம்பித்தன. அழுகை கேட்டு அம்மாக்கள் வந்தார்கள். கூச்சல் கேட்டு ஊர்த்தெரு வந்தது. அத்தனை பேரும் திட்டியது சாம்பலக்காவை. தாண்டியது ஒருத்தர்கூட இல்லை! நான் போன் போட்டேன்.

"யக்கா, வாசலுக்குக் கூட வழி வுடாம போட்டுட்டியே!"

"களவாணிக்கு வழி வுடுவாங்களா?"

"புள்ளைங்க எப்பிடிக்கா உள்ள போறது?"

"அட, பேஜாராப்போச்சே" என்றது எதிர்முனை, மெதுவாக.

"நான் அழிச்சிடட்டா?"

"கைய வெச்சே, ஒடிச்சிடுவேன். தோ வந்துகினு கீறேன். எவனையும் தொட வுடாத."

இந்தக் களேபரத்துக்கு நடுவேதான் ஜேசிபி வந்தது. அக்கா ஒழுங்காக வழி விட்டுப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பிள்ளைகள் உள்ளே, ஊரார் வயலில், தடுக்க நான் ஒருவன். கையில் செல்போன். அதிலும் சார்ஜ் பன்னிரண்டு சதவீதம். அக்கா செய்த தப்பால் ஊரே வாசலில் திரண்டு நின்றது.

டிரைவர் சாலவாக்கத்துப் பக்கத்துப் பையன். கோட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்திக் கீழே குதித்தான்.

"இன்னாங்க, நெல்லு கீதா உள்ள?"

"நெல்லு இல்லப்பா, ஸ்கூலு" என்றேன்.

"கோடு போட்டு கீதே. யார் போட்டாங்களோ அவுங்கள வந்து அழிக்கச் சொல்லுங்க. சின்ன வயசுல தெரியாம மிதிச்சதுக்கே எங்க நைனா பெல்ட்டக் கயட்டிட்டாரு."

வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடியில் வந்த மனை ஏஜென்டுக்கு முகம் சிவந்தது. "இதுக்கெல்லாம் பயந்தா வேலை நடக்குமா? தள்ளு!" என்று சொல்லி, பளபளக்கும் ஷூவால் வாசல் கோட்டைச் சரக் சரக்கென்று தேய்த்தார்.



ஊர்த்தெருப் பெரியவர் ஒருவர், ஐந்து நிமிடத்துக்கு முன்புவரை சாம்பலக்கா மீது போலீசில் புகார் கொடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், துண்டை உதறினார்.

"மிதிச்சிட்டான்டா! டேய், கோட்ட மிதிச்சிட்டான்டா!"

அதற்குப் பிறகு நடந்ததை முழுக்க எழுதினால் பத்திரிகை போடாது. ஏஜென்ட் மேல் யாரும் கை வைக்கவில்லை. வாய் வைத்தார்கள். ஏஜென்டின் பரம்பரையில் ஏழு தலைமுறை அந்த வாசலில் வரவழைக்கப்பட்டு விசாரிக்கப்பட்டது. ஊர்த்தெருவும் காலனியும் ஓடையோரமும் ஒரே பக்கம் நின்று கத்தியதை என் வாழ்நாளில் அன்றுதான் கேட்டேன். பள்ளிக்கூடத்தை இடிப்பதைப் பொறுத்துக்கொள்ளத் தயாராக இருந்த சனங்களுக்குக் கோட்டை மிதித்ததைப் பொறுக்க முடியவில்லை. இதற்குச் சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஏஜென்ட் கார் ஏறினார். டிரைவர் ஜேசிபியைத் திருப்பிக்கொண்டே, "நல்லா கேளுங்க" என்று எங்களுக்கு ஊக்கம் கொடுத்துவிட்டுப் போனான்.

சாம்பலக்கா சேற்றுக் காலோடு வந்து சேர்ந்தார். வாசலில் குனிந்து, மிச்சம் இருந்த கோட்டைக் கையால் துடைத்து வழி விட்டார். "போங்க கண்ணுங்களா, மொதல்ல துன்னுங்க" என்றார். டீச்சர் அவரைப் பார்த்த பார்வையில் சாம்பல் என்ன, அடுப்பே எரிந்தது.

அன்று சாயங்காலமே ஊர்த்தெரு டிராக்டர்கள் வரிசையாக வந்தன. கொள்முதல் நிலையத்தில் இடமில்லாமல் ரோட்டோரம் காய்ந்துகொண்டிருந்த நெல்லையெல்லாம் பள்ளி மைதானத்தில் சுவரை ஒட்டிக் குவித்தார்கள். பிள்ளைகளுக்கு மட்டும் நடுவே பாதை. ஒவ்வோர் அம்பாரத்தின் மேலும் கோடு. ஒரு வாரம் கழித்து ஓர் அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார்.

"இந்த நெல்லை எல்லாம் எப்ப எடுப்பீங்க?"

சாம்பலக்கா ரொம்பப் பணிவாகச் சொன்னார்: "நீங்க வாங்கிக்கினா இன்னிக்கே எடுத்துடறோம் சார்."

"கொள்முதல் எங்க டிபார்ட்மென்ட் இல்லம்மா."

"அப்ப அந்த டிபாட்மெண்டுகாரரு வர வரிக்கும் நீங்களும் எங்களோட குந்துங்க சார். டீ சொல்லட்டா?"

அரசாங்கம் நெல்லை வாங்காத வரை அரசாங்கத்தால் பள்ளியை இடிக்க முடியாது. இவ்வளவு கச்சிதமான சட்டச் சிக்கலை எந்த வக்கீலும் உண்டாக்கியிருக்க மாட்டார். அதிகாரி டீயைக் குடித்தார். ஜீப்பில் ஏறும்போது மட்டும் ஒரு குண்டைப் போட்டார்: "இங்க பிள்ளைங்களே கம்மி. ஜூன்ல புதுசா எவ்ளோ சேருதுன்னு பாத்துட்டுத்தான் மேல முடிவு பண்ணுவாங்க."

ஜீப் மறைந்ததும் ஊர்த்தெருக்காரர்கள் பொங்கினார்கள். "நம்ம ஸ்கூலு, அத எவன் மூட்றான்னு பாத்துடலாம்!"

சாம்பலக்கா இடுப்பில் கை வைத்துத் திரும்பினார்.

"எதுடா நம்ம ஸ்கூலு? உன் பேரன் எதுல போறான்? மஞ்ச வேன்ல. உன் மருமவ புள்ள? அதுவும் மஞ்ச வேனு. காவலுக்கு நெல்லு கொண்டாந்து கொட்டத் தெரிஞ்சிச்சே, ஒரு புள்ளையக் கொண்டாந்து வுடத் தெரிஞ்சிச்சா? ஜேசிபிக்காரன் பொறத்தால வந்து இடிக்கிறான். நீங்க முன்னாலயே இடிச்சிகினு கீறீங்க!"

பெரியவர் துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டு வானத்தைப் பார்த்தார். மழை வருமா என்று பார்த்தாராம்.

இப்போது மே மாதக் கடைசி. நெல் போய்விட்டது, மைதானம் காலி. அடுத்த வாரம் பள்ளி திறக்கிறது. நாளைக் காலை நானும் சாம்பலக்காவும் ஊர்த்தெருவில் வீடு வீடாகப் போய் ஒன்றாம் வகுப்புக்குப் பிள்ளை கேட்கப் போகிறோம். ராசாத்தியும் வருகிறாள், யாராவது சந்தேகப்பட்டால் அங்கேயே பாடத்தை வாசித்துக் காட்டுவாளாம். எனக்கும் ஒரு வேலை உண்டு.

"நீ இங்கிலீசுல சொல்லுடா. அப்பத்தான் இவுங்களுக்குப் புரியும்."

"மொதல்ல எந்த வூட்டுக்குப் போறோம்க்கா?"

"உங்க அக்கா வூட்டுக்குத்தான். அவ பையனுக்கு அஞ்சு வயசு ஆவுதில்ல?"

என் அக்கா அந்த வேன் ஸ்கூலில் சீட் வாங்க ஆறு மாதமாக அலைந்தவள். நாளைக்கு விளக்குமாற்றோடுதான் வாசலுக்கு வருவாள். சாம்பலக்கா அசையாமல் நின்று அவ்வளவையும் கேட்டுக்கொள்வார், பிறகு விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பிப்பார். ஏழு மணிக்கு வா என்று சொல்லியிருக்கிறார். நான் ஆறு மணிக்கே போய்விடுவேன். முதல் வீட்டுத் திட்டை அவர் தனியாக நின்று வாங்குவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.