நாலு கம்பிக் கசாயம்

பேஸ் கிற்றார் வாசிக்கிறவனை யாரும் பார்ப்பதில்லை. முப்பது வருடங்களுக்கு மேலாக மேடையில் நின்று (சரியாகச் சொன்னால், மேடையின் பின்பக்கம் டிரம்சுக்கும் திரைச்சீலைக்கும் நடுவில் நின்று) நான் கண்டுபிடித்த உண்மை இது. பாடுகிறவரைப் பார்ப்பார்கள். லீட் கிற்றார்காரனைப் பார்ப்பார்கள். அவனுக்குத் தலைமயிர் நீளமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பார்ப்பார்கள். கல்யாண வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் டிரம்சைச் சுற்றி நிற்கும். என்னைக் கவனிப்பவர் ஒரே ஒருவர், சாப்பாட்டுப் பார்சல் கொடுக்கிறவர். "இவரும் உங்கட ஆளா?" என்று கேட்பதற்காக.

அப்படிப்பட்ட என்னை ஒரு நாள் ஒரு வீடு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அது என் சொந்த வீடு. பார்த்தவர்கள் என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள்.

நான் பேஸுக்கு வந்ததே ஒரு பதவி இறக்கம்தான். புளியந்தீவில் நாங்கள் தொடங்கிய முதல் இசைக்குழுவில் மூன்று பேர் கிற்றார் வாசித்தோம். அதில் மோசமானவன் நான். "உனக்கு ஆறு கம்பி கூடிப்போச்சுடா, நாலோட நில்லு" என்று டிரம்ஸ்காரன் தீர்ப்புச் சொன்னான். அந்த நேரம் பார்த்து அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்ட ஒரு பறங்கியர் குடும்பம் பழைய பேஸ் ஒன்றை விற்றது. அதன் கழுத்து தோணித் துடுப்பு மாதிரி இருந்தது. தூக்கி மாட்டியதும் தோள் ஒரு பக்கம் சரிந்தது. அந்தச் சரிவு இன்றைக்கும் நேராகவில்லை. தையல்காரர் என் சேர்ட்டுகளை ஒரு பக்கம் இறக்கித்தான் தைக்கிறார்.

ஸ்பீக்கர் பெட்டியை நானே செய்தேன். மனைவி ரஞ்சினி சீதனமாகக் கொண்டுவந்த அலுமாரியின் பின்பலகை அதற்கு மிகவும் உதவியாக இருந்தது. அலுமாரி சுவரோடு ஒட்டி நிற்பதால் அதன் பின்பக்கத்தைப் பார்க்க அவளுக்கு இதுவரை அவசியம் வரவில்லை. (இதை வாசித்தால் வரும்.) ஒரு வெள்ளத்தில் அந்தப் பெட்டி ஒழுங்கை வழியாக மிதந்து போய், மூன்றாம் வீட்டு வேலியில் தட்டி நின்றது. வெயிலில் காயவைத்துப் பாட்டுப் போட்டேன். முன்பைவிட நன்றாகப் பாடியது. பிறகு ஒலிபெருக்கி திருத்தும் கடை ஒன்று போட்டு, பகலில் மற்றவர்களுடைய பெட்டிகளையும் இரவில் என்னுடைய பெட்டியையும் கவனித்துக்கொண்டேன்.

ஆனால் கம்பி மட்டும் மாற்றமாட்டேன். பேஸ் கம்பி சுண்டுவிரல் பருமன் இருக்கும், சுலபத்தில் அறுகாது. அறுகாத ஒன்றை ஏன் மாற்றுவது? இந்தக் கொள்கையோடு நான் நிம்மதியாக இருந்தபோதுதான் நாட்டில் அந்தப் பஞ்ச காலம் வந்தது. காஸ் இல்லை, பெற்றோல் இல்லை, பால்மா இல்லை. கிற்றார்க் கம்பி இல்லை என்று யாரும் வரிசையில் நின்று கத்தவில்லை. ஆனால் அதுவும் இல்லை. என் கம்பிகளோ அந்தச் சமயம் பார்த்து உயிரை விட்டிருந்தன. அடித்தால் நாதம் வரவில்லை, பலகையில் தேங்காய் விழுந்த சத்தம் வந்தது.

"கம்பியக் கழட்டி நல்லா அவிங்க அண்ணன்" என்றான் எங்கள் லீட் கிற்றார்காரன் ரெஜி. "கொஞ்சம் வினாகிரியும் விடுங்க. ஊத்தை எல்லாம் போயிரும். புதுக் கம்பி மாதிரிப் பேசும்."

அதே நாட்களில்தான் மகள் தர்ஷினிக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். கல்யாணத் தரகர் கைத்தொலைபேசியில் அனுப்பிய படங்களை எல்லாம் பார்த்த கையோடு அழித்தவள், ஒரு படத்தை மட்டும் அழிக்கவில்லை. உன்னிச்சைப் பக்கத்துப் பொடியன், வங்கியில் வேலை. தகப்பன் வயல்காணி நிறைய உள்ளவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் பக்கத்தில் போடியார் என்போம். போடியாருக்கு ஒரே ஒரு நிபந்தனை: பெண்ணின் தகப்பன் கௌரவமான ஆளாக இருக்கவேண்டும். பாட்டு, கூத்து, பாண்ட் என்று திரிகிறவர்கள் குடிகாரர்கள் என்பது அவருடைய கருத்து.

தரகர் பொய் சொல்லவில்லை. "தகப்பன் கச்சேரியில இரிக்கார்" என்று மட்டும் சொன்னார். எங்கள் ஊரில் அரசாங்க அதிபர் அலுவலகத்துக்கும் கச்சேரி என்றுதான் பெயர். போடியார் மனதில் நான் மேசை, நாற்காலி, மின்விசிறி சகிதம் உட்கார்ந்துவிட்டேன்.

அவர்கள் ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஏற்பாடு. ஆனால் வியாழக்கிழமை அவர்களுடைய வானுக்குப் பெற்றோல் கிடைத்துவிட்டது. அந்தக் காலத்தில் பெற்றோல் கிடைத்த நாள்தான் நல்ல நாள். வெள்ளிக்கிழமை காலையில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார்கள்.

நான் அப்போது சாரமும் பெனியனுமாக வீட்டுக்குப் பின்னால் விறகடுப்பின் முன் நின்றேன். அன்று மாலை ஒரு கல்யாண வீட்டில் வாசிக்க வேண்டும். ரஞ்சினியின் அலுமினியப் பானையை (அவளுக்குத் தெரியாமல்தான்) எடுத்து, நாலு கம்பிகளையும் போட்டு, வினாகிரி விட்டு, கொதிக்கக் கொதிக்க அவித்து முடித்திருந்தேன். கம்பிகளை எடுத்து உடுப்புக் காயப்போடும் கொடியில் தொங்கவிட்டேன். பானைத் தண்ணீர் மாரி கால வாய்க்கால் நிறத்தில் இருந்தது. இருக்காதா? அத்தனை வருடத்து விரல் வியர்வை, கல்யாண வீட்டு ரோல்ஸ் எண்ணெய், கோயில் திருவிழாப் புழுதி எல்லாம் அதற்குள் இருந்தன. வாசலில் வான் ஹோர்ன் கேட்டது. பானையை மூடி அடுப்பிலேயே வைத்துவிட்டு உள்ளே ஓடினேன்.

ரஞ்சினி என்னை அறைக்குள் தள்ளி ஒரு வெள்ளைச் சேர்ட்டைக் கொடுத்தாள். "வாயத் திறக்காதீங்க. கேட்டா மட்டும் சொல்லுங்க."

நான் விறாந்தைக்கு வந்தபோது போடியார் கதிரையில் இருந்து இருமிக்கொண்டிருந்தார். வழி நெடுகப் புழுதி. ரஞ்சினி தன் தங்கை விமலாவைப் பார்த்து, "போடியாருக்குச் சூடா ஏதாவது கொண்டுவாகா" என்றாள். உதவிக்கு ஓடிவந்திருந்த விமலா உள்ளே போனாள்.

"தம்பி கச்சேரியில எந்தப் பகுதி?" என்றார் போடியார்.

"நான்... கீழ அண்ணன்."

"கீழ்மாடியோ?"

"ஓம். எல்லாருக்கும் கீழதான்."

"நல்லது, நல்லது. பென்சன் எப்ப?"

"கை ஓடுற மட்டும் விடமாட்டாங்க அண்ணன்."

ஒரு சொல்கூடப் பொய்யில்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். அதற்குள் விமலா ஒரு கோப்பையும் ஒரு துண்டு பனங்கட்டியும் கொண்டுவந்து வைத்தாள். போடியார் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு மெதுவாக, ரசித்து, முழுவதையும் குடித்தார்.

"மல்லிக் கசாயம் எண்டா இதுதான். கொஞ்சம் துவர்ப்பு, கொஞ்சம் புளிப்பு. ஆர் வச்ச?"

"அத்தான்தான்" என்றாள் விமலா பெருமையோடு. "விடியவே அவிச்சு மூடி வச்சிரிக்கார். நான் இஞ்சி மட்டும் தட்டிப் போட்டன்."

விடிந்ததிலிருந்து நான் அவித்து மூடிவைத்தது ஒன்றே ஒன்றுதான். விறாந்தை, போடியார், கோப்பை எல்லாம் தூரத்தில் போய்ச் சின்னதாகத் தெரிந்தன.

"கச்சேரி உத்தியோகத்தர், அடுப்படி வேலையும் தெரியுது!" என்று மகன் பக்கம் திரும்பினார் போடியார். "பாத்துப் பழகு. இன்னொரு கோப்பை இரிக்குமா புள்ள?"

இருந்தது. விமலா சட்டென்று மீதியை ஒரு யக்கில் நிறைத்துக் கொண்டுவந்து ஊற்றினாள். போடியார் கையை நீட்டினார். தடுக்கவேண்டும். ஆனால் என்ன சொல்லித் தடுப்பது? என் மூளை இப்படியான நேரங்களில் நாலு கம்பியில் மூன்று அறுந்த மாதிரித்தான் வேலை செய்யும். பாய்ந்து கோப்பையைப் பறித்தேன்.

"எனக்கும் இருமல் அண்ணன்!"

ஒரே மடக்கில் குடித்தேன்.

நான் வாழ்க்கையில் வாசித்த எல்லாப் பாட்டும் தொண்டை வழியாகத் திரும்பி இறங்கியது. இஞ்சி கொஞ்சமும் உதவவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையின் தகப்பன் கையிலிருந்த கோப்பையைப் பறித்துக் குடித்த முதல் மனிதன் நானாகத்தான் இருப்பேன். வீடு முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. அப்போது என் பல்லில் ஏதோ கடிபட்டு, 'ணிக்' என்று சத்தம் கேட்டது.

எடுத்துப் பார்த்தேன். கம்பியின் ஒரு நுனியில் பித்தளையில் சின்னக் குண்டு ஒன்று இருக்கும். கம்பி கிற்றாரிலிருந்து கழன்று விழாமல் பிடித்துக்கொள்வதற்கு. கொதியில் கழன்ற அந்தக் குண்டு என் உள்ளங்கையில் மினுங்கியது. ரஞ்சினி முதலில் கதவிடுக்கில் நின்ற மகளின் மூக்கைப் பார்த்தாள். மூக்குத்தி அதன் இடத்தில் இருந்தது. பிறகு என்னைப் பார்த்தாள்.

"அது என்ன தம்பி?" என்றார் போடியார்.

அதற்கு மேல் மறைக்க என்னால் முடியவில்லை. "அண்ணன், அது மல்லித் தண்ணி இல்ல."

"மறுகா?"

"கம்பித் தண்ணி."

"என்ன கம்பி?"

பின்கதவால் கொடி தெரிந்தது. நாலு கம்பிகளும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. கையைக் காட்டினேன். "கிற்றார்க் கம்பி."

போடியார் கொடியைப் பார்த்தார், கோப்பையைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். "கச்சேரியில கிற்றார் என்னத்துக்கு?"

அதற்கும் பதில் சொல்லவேண்டியதாகிவிட்டது.

அவர் எழும்பினார். "வா மகன்." மகன் உடனே எழும்பவில்லை, வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தான். கதவுக்குப் பின்னாலிருந்து தர்ஷினியின் சிரிப்பும் கேட்டது. அடக்கி அடக்கி, முடியாமல், மூக்கால் வந்த சிரிப்பு. போடியார் யாரையும் பார்க்காமல் வானில் ஏறினார். வான் போனதும் சிரிப்பு நின்றது. தர்ஷினி அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். ரஞ்சினி பானையைத் தூக்கி வேலியோரம் எறிந்துவிட்டு, "அடுத்தது நீங்கதான்" என்றாள்.

அன்று மாலை மூன்று கம்பியோடு வாசித்தேன். ஒருவரும் கவனிக்கவில்லை.

எனக்கோ வேறு பயம் பிடித்துக்கொண்டது. மனிதனுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? தெரிந்த மருந்துக்கடைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்து முடிய வெகுநேரம் எடுத்தது. "நீங்களும் குடிச்சீங்கதானே? உங்களுக்கு ஒண்டும் இல்லாட்டி அவருக்கும் இல்ல. உங்களயே பாத்துக்கிட்டு இரிங்க."

அன்றிலிருந்து என் வயிறு போடியாருடைய வயிற்றின் கிளை அலுவலகமானது. எனக்கு இங்கே லேசாக இரைந்தாலும் அங்கே தொலைபேசி எடுத்தேன்.

"அண்ணன், வயிறு எப்பிடி?"

"ஆர் பேசிற?"

"கச்சேரி..."

டக்கென்று வைத்துவிட்டார். மறுநாள் காலையில் மறுபடி எடுத்தேன். "உசிரோட இரிக்கன்" என்று சொல்லிவிட்டு வைத்தார். மாலையில் எடுத்தேன். "சோறு திண்டன்" என்றார். இப்படி ஒவ்வொரு நாளும் ஒரு சொல் கூடிக்கொண்டே வந்தது. உரம் இல்லை என்றார். வட்டைக்குள் யானை இறங்கி விளைந்த வயலை மிதிக்கிறது, வெடி போட்டாலும் போகுதில்லை என்றார். எனக்கும் வயிற்றைத் தவிர வேறு விஷயம் கிடைத்ததில் சந்தோஷம்.

கடையில் கிடந்த ஒரு பழைய ஹோர்ன் ஸ்பீக்கரைத் திருத்தி, பற்றரியோடும் என் பேஸோடும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு உன்னிச்சைக்குப் போனேன். காவல் குடிலில் கட்டிக் கொடுத்தேன். அன்று பொழுதுபட வந்த யானை, என் பேஸ் சத்தத்தைக் கேட்டு நின்றது, யோசித்தது, திரும்பிப் போனது. (என் வாசிப்பை நின்று கேட்ட முதல் ரசிகர்.) போடியார் ஒரு செம்பில் தண்ணீர் தந்தார்.

"குடிங்க தம்பி. கிணத்துத் தண்ணி. ஒண்டும் அவிக்கயில்ல."

குடித்து முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான் சிரித்தார். அந்தப் பெரிய வயிறு முழுக்கக் குலுங்கிச் சிரித்தார். அது நலமாக இருப்பதை அன்றுதான் நேரில் கண்டு உறுதி செய்தேன். கடைசியில், "எங்கட பொடியன் சோறு தண்ணி இல்லாமத் திரியிறான். சுறுக்கா ஒரு நாளப் பாப்பம்" என்றார்.

கல்யாணத்துக்கு எங்கள் குழுதான் வாசித்தது. பெண்ணின் தகப்பன் மேடைக்குப் பின்னால் ஏன் நிற்கிறார் என்று யாரும் கேட்கவில்லை.

இப்போது போடியார் எங்கள் வீட்டுக்கு வந்தால் நேரே உள்ளே வந்து உட்காரமாட்டார். முதலில் சுவரில் தொங்கும் பேஸ் முன்னால் போய் நிற்பார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கம்பிகளைத் தொட்டுத் தொட்டு எண்ணுவார். "நாலும் இரிக்கு. இனித் தேத்தண்ணி கொண்டா புள்ள" என்பார். அவர் எண்ணி முடிக்கும்வரை யாரும் அடுப்பு மூட்டுவதில்லை. ஒரு தடவை ஒன்று குறைந்திருந்தது. மனிதர் செவ்விளநீர் வெட்டித் தரச் சொல்லிக் குடித்தார்.

போன மாதம் நான் ஐந்து கம்பி பேஸ் ஒன்று வாங்கினேன். ஆயுளில் முதல் பதவி உயர்வு. போடியாருக்குச் சொல்லாமல் பழையது இருந்த இடத்தில் மாட்டிவைத்திருந்தேன். வந்தார். எண்ணினார். மறுபடி எண்ணினார். விமலா அவசரப்பட்டுத் தேநீரைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டாள். அவர் கோப்பையை மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்த்தார். பிறகு மேசையில் மெதுவாக வைத்துத் தள்ளினார்.

"ஒண்டு கூடுதலா இரிக்கு சம்பந்தி" என்றார். "அத இப்பதானே பானைக்குள்ள இருந்து வெளிய எடுத்த?"