மெதுவாக வெடிக்க வேண்டிய குக்கர்

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு சோதனை அலுவலகம் இருந்ததாம். அங்கே ஓர் அதிவேக எக்ஸ்ரே கேமரா. கண் இமைக்கும் நேரத்தைப் பல்லாயிரம் படமாக நறுக்கி, உலோகத்துக்குள்ளே நடப்பதையும் காட்டும். ஆனால் மவுசு என்னவோ கதிர்வீச்சைத் தடுக்க அதோடு வந்த ஈய உடுப்புக்குத்தான். இயக்குநர் ஒருநாள் அதை மாட்டிக்கொண்டு கூட்டத்துக்கு வந்தார். மறுநாளிலிருந்து எழுத்தர்கள்கூட ஈயத்தைச் சுமந்து, மூச்சு வாங்கிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள்.

அந்த அலுவலகக் கேன்டீனில் குக்கர் வெடித்து, சமையல்காரனுக்கு விரல்கள் போயின. கரண்டியால் மூடியைத் தட்டினான் என்று அவனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அவனுடைய அக்கா நடையாய் நடந்து, அதே ரகக் குக்கரைப் படம் எடுக்க வைத்தாள். யாரும் தொடாமலே மூடிக்குள் விரிசல் ஓடுவது பளிச்சென்று தெரிந்தது.

"அப்ப என் தம்பி மேல தப்பில்லையே, சார்?"

"அவசரப்படாதீங்கம்மா. இது கண்ணுக்கே தெரியாத வேகத்துல நடந்திருக்கு. கண்ணால பார்க்காததுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?" என்றார் இயக்குநர்.

ஆகவே மேன்மை பொருந்திய குழு கூடியது. குக்கர் இனி அதிகாரிகள் பார்ப்பதற்குத் தோதாக மெதுவாக வெடிக்கக் கடவது என்று ஆணை பிறந்தது. வேகத்தைக் குறைக்க மூடியைக் கழற்றிவிட்டுக் கொதிக்க வைத்தார்கள். கொட்டாவி விட்டபடி பார்த்தார்கள். வெடிக்கவில்லை. முற்றிலும் பாதுகாப்பானது என்று சான்றிதழ் கொடுத்தார்கள்.

குக்கர் கம்பெனிக்காரர்கள் மனம் குளிர்ந்து ஆளுக்கொரு குக்கர் பரிசளித்தார்கள். வீட்டுக்கு எடுத்துப்போக ஏனோ ஒருவருக்கும் மனசு வரவில்லை. அத்தனையையும் தாராளமாகக் கேன்டீனுக்கே தானம் செய்துவிட்டு, பசியோடு சாப்பிட வந்தார்கள்.

புதுச் சமையல்காரர் எல்லாவற்றையும் திறந்தபடியே அடுப்பில் ஏற்றியிருந்தார். ஒன்றும் வெந்தபாடில்லை.

"மூடியைப் போடுய்யா, உயிர் போகுது" என்றார் இயக்குநர்.

சமையல்காரர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். தம்பிக்காக அன்றும் நடையாய் நடந்து வந்திருந்த அக்கா மூடியை வாங்கி இயக்குநரிடம் நீட்டினாள்.

"நீங்களே போடுங்க, சார். போட்டுட்டு அது வேகற வரைக்கும் பக்கத்துல நில்லுங்க. என் தம்பி மேலதான் தப்புன்னு நானே எழுதித் தர்றேன்."

இயக்குநர் துணை இயக்குநரைப் பார்த்தார். அவர் எழுத்தரைப் பார்த்தார். எழுத்தருக்கு வீட்டில் ஏதோ வேலை ஞாபகம் வந்தது. அந்த வேலை எல்லோருக்கும் இருந்தது போலிருக்கிறது. வாசலில் இடித்துக்கொண்டு வெளியேறினார்கள்.

இயக்குநர் மட்டும் கடமை தவறாதவர். தம்பியை நிரந்தரமாக நீக்கும் ஆணையில் நின்றபடியே கையெழுத்துப் போட்டார். பிறகு ஓடப் பார்த்தார். ஈயம் விடவில்லை, எல்லோருக்கும் கடைசியாக, நடந்துதான் போனார்.