மாமாவின் கிணற்றில் நான் கண்டுபிடித்த பெற்றோல்

கலியாணம் நிச்சயமான பெண் வீட்டுக்குப் போகும் மாப்பிள்ளைக்கு ஒரே ஒரு வேலைதான் இருக்க வேண்டும்: கொடுப்பதைச் சாப்பிடுவது. நான் பரிசோதனைக்குத் தண்ணீர் எடுக்கப் போனேன்.

செய்தித்தாளில் சேர்வதற்கு முன், நிலத்தடி நீரைக் கண்காணிக்கும் ஒரு திட்டத்தில் சிறிது காலம் வேலை பார்த்தேன். திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில், வாகனங்களுக்கு எண்ணெய் அடிக்கும் ஒரு பெற்றோல் செட், எப்போதோ மூடியது. அதன் நிலத்தடித் தாங்கிகளைத் தோண்டி எடுத்துவிட்டார்கள். அவற்றிலிருந்து கசிந்தது மட்டும் மண்ணிலேயே தங்கிவிட்டது. அது அக்கம்பக்கத்துக் கிணறுகளுக்கு நகர்கிறதா என்று பார்ப்பது எங்கள் வேலை. செட்டின் பின்மதிலை ஒட்டிய வீடு, எனக்குப் பேசியிருந்த ரிஹானாவின் வீடு, அதாவது என் வருங்கால மாமா, மாமியின் வீடு.

(எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். அந்தக் கிணற்றுத் தண்ணீரை ஆயுள் முழுக்கக் குடிக்கப்போகிறவன் நான். வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.)

வாகனத்திலிருந்து இறங்கும்போதே கையுறைகளை மாட்டிக்கொண்டேன். குசினி யன்னலில் ரிஹானா நிற்பது தெரிந்தது. கையுறையோடு பார்த்தால் சத்திரசிகிச்சை நிபுணர் போல இருப்பேன் என்பது என் கணிப்பு. தண்ணீர் எடுப்பதற்கு முன் புதுக் கையுறை மாற்ற வேண்டும் என்பது விதி. மாற்ற வேண்டுமானால் கழற்ற வேண்டும். கழற்றினால் நிபுணர் போய்விடுவார். ஆகவே அதே கையுறையோடு பம்புக்குப் பெற்றோல் ஊற்றினேன், கிணற்றைக் கொஞ்சம் இறைத்தேன், போத்தல்களை நிரப்பினேன். ஆய்வுகூடத்திலிருந்து கொண்டுவந்த சுத்தத் தண்ணீரையும் விதிப்படி ஒரு போத்தலில் ஊற்றி மூடினேன். அது எதற்கென்று பயிற்சியில் விளக்கியபோது நான் கலியாணக் கோட்டின் நிறத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

மாமி நீட்டிய தேநீரையும் அதே கையுறையோடுதான் வாங்கினேன். லேசாகப் பெற்றோல் மணந்தது. கிணறு கெட்டுவிட்டதற்கு முதல் சான்று என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

முடிவுகள் வந்த அன்று எங்கள் பொறுப்பாளர் லோகினி அக்கா விடுமுறையில் இருந்தார். நானே திறந்து பார்த்தேன். முதல் வரியில் மாமாவின் கிணறு, பெற்றோல் கலந்திருந்தது. இரண்டாவது வரிக்குப் போகாமல் மாமாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

மாலைக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. அந்தத் தண்ணீரைப் பல வருடங்களாகக் குடித்த பக்கத்து வீட்டுக்காரர், தனக்கு ஆரம்பத்திலிருந்தே வாடை அடித்ததாக அறிவித்தார். கிணற்றடியில் பீடி பிடிப்பதை எல்லோரும் நிறுத்தினார்கள். கிண்ணியாவில், எங்கள் வீட்டில், என் உம்மா தீர்ப்புச் சொன்னார்: "பெற்றோல் கிணத்து வீட்டுக்கு என்ட புள்ளய அனுப்ப ஏலாது. கலியாணத்த நிப்பாட்டுங்க."

அடுத்த அழைப்பு ரிஹானாவிடமிருந்து வந்தது.

"மச்சான், வீடு பிடிக்கல்லண்டா நேரா சொல்லுங்க. கிணத்தில ஏன் பழியப் போடுறீங்க?"

"இது விஞ்ஞானம், ரிஹானா."

"வாப்பா கிணத்தடியில குந்திக்கிட்டு இருக்கார். அந்த விஞ்ஞானத்த அவருக்கு நீங்களே வந்து சொல்லுங்க."

வைத்துவிட்டாள்.

மறுநாள் வேலைக்குத் திரும்பிய லோகினி அக்கா, முடிவுகளின் கடைசி வரியில் விரலை வைத்தார்.

"தம்பி, இதப் பாத்தனீங்களா?"

"இல்ல அக்கா."

"நாங்க இங்கயிருந்து கொண்டுபோன சுத்தத் தண்ணி. இதிலயும் பெற்றோல் இருக்கு. இது எந்தக் கிணத்துத் தண்ணி?"

யோசித்தேன். "எந்தக் கிணத்துத் தண்ணியும் இல்ல."

"அப்ப அது மண்ணுக்குள்ளால வரேல்ல. கையுறை மாத்தினனீங்களா?"

மாற்றவில்லை என்றேன். நிபுணரைப் பற்றிச் சொல்லவில்லை.

இரண்டாம் முறை அக்காவே வந்து தண்ணீர் எடுத்தார். முற்றத்தில் போட்ட கதிரையில், கைகளை முழங்காலில் வைத்தபடி, எதையும் தொடாமல் இருக்க வேண்டும் என்பது எனக்கிட்ட உத்தரவு. தெருவே மதிலில் சாய்ந்து வேடிக்கை பார்த்தது. கிணறு சுத்தம் என்று முடிவு வந்தது. செட் வளவுக்குள் இறக்கிய கண்காணிப்புக் குழாய்களில் பெற்றோல் இருக்கத்தான் செய்தது. அது மதிலைத் தாண்டவில்லை. மதிலுக்கு இந்தப் பக்கம் பெற்றோல் கொண்டுவந்த ஒரே ஆள் நான்.

மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். "மருமகன், கலியாணம் நடக்கட்டும். ஆனா கிணத்தடிப் பக்கம் நீங்க வர வேணாம். தண்ணி நாங்க அள்ளித் தாறம்."

கலியாணம் நடந்தது. இப்போதும் அந்த வீட்டில்தான் இருக்கிறேன். அள்ளித் தந்த தண்ணீரில்தான் குளிக்கிறேன். கண்காணிப்பும் தொடர்கிறது. திட்டத்து வாகனம் வரும் நாட்களில், ரிஹானா விடிந்ததும் என்னைக் கிண்ணியா பஸ்ஸில் ஏற்றிவிடுவாள். கிணறு ஒவ்வொரு முறையும் தேறிவிடுகிறது.

உம்மா கதவைத் திறந்து என்னைக் கண்டதும் சுகம் விசாரிப்பதில்லை. உள்ளே திரும்பி, வீட்டிலிருப்பவர்களுக்குக் கேட்கும்படி சொல்வார்:

"மகன் வந்திருக்கார். அங்க இண்டைக்குத் தண்ணி எடுக்கிறாங்க போல."