கோணிக்குள் எரிந்த சூரியன்

தண்ணீரை எரிய வைக்கும் சாமியார் வந்திருக்கிறார் என்றதும், மண்ணெண்ணெய்க் கடை வரிசை அப்படியே டோல்கேட் பக்கம் திரும்பியது. எழுபத்து நாலாம் வருஷம் அது. காலையில் காலி டின்னோடு நின்றவர்கள் சாயங்காலம் காலி டின்னோடுதான் வீடு திரும்பினார்கள். அந்த நேரம் பார்த்து அவதரிக்கத் தெரியாதவர் என்ன சாமியார்?

சூரியானந்தரின் வித்தை எளிது. வெயிலில் ஒரு பானைத் தண்ணீர். அதில் ஒரு கரண்டி தங்கபஸ்பம். துளையுள்ள மூடி. துளையில் தீக்குச்சி காட்டினால் குபுக்கென்று எரியும். தங்கப்பொடி வெயிலைப் பிடித்துத் தண்ணீரை எரிபொருளாக்குகிறதாம். பஸ்பத்துக்கு அவரவர் வீட்டுத் தங்கம்தான் ஆகுமாம். கடைத் தங்கத்துக்கு உங்கள் அடுப்பைத் தெரியாதாம்!

ராயபுரத்து ஆப்பக்கடை அடைக்கலமேரியின் ஸ்டவ் எரிந்து நாலு நாளாயிற்று. கம்மலைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு, அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏற்றி மன்னிப்பும் கேட்டுவிட்டு வந்திருந்தாள். பானை எரிந்தது. கூட்டம் கும்பிட்டது. அவள் மூக்கு மட்டும் கும்பிடவில்லை. அழுகின பூண்டு வாடை. வெல்டிங் பட்டறையில் வேலை செய்யும் புருஷன் கஸ்பாரின் காக்கிச் சட்டையில் தினமும் அவள் துவைக்கும் அதே வாடை.

முடிச்சை அவிழ்க்காமல் திரும்பினாள். மறுநாள் கோணியும், துளை மூடி போட்ட ஒரு பானைத் தண்ணீருமாக வந்தாள்.

"சாமி, எல்லாம் வெயிலு செய்யற வேலதானே?"

"சூரியன் இல்லாவிட்டால் ஒரு பொட்டும் எரியாது, தாயே."

"அப்ப ஒரு தபா நெயல்ல வச்சிப் பாப்போம்."

சாமியார் வாய் திறக்குமுன், பஸ்பத்தில் ஒரு கரண்டியை அள்ளித் தன் பானையில் போட்டு, நாலு பக்கமும் கோணியால் மூடினாள். துளையில் தீக்குச்சி வைத்தாள். வெயிலில் எரிந்ததைவிட நன்றாகவே எரிந்தது.

"கோணிக்குள்ளயே சூரியன் பூந்துக்கினாரு பாரு" என்று ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கூட்டம் இன்னும் பக்தியாய்க் கும்பிட்டது.

அடைக்கலமேரி தலையில் அடித்துக்கொண்டாள். பானையைக் கழுவி வேறு தண்ணீர் ஊற்றி, மடியிலிருந்து ஒரு சாம்பல் நிறக் கல்லை எடுத்துப் போட்டு, மூடித் தீக்குச்சி காட்டினாள். அதே தீ. அதே வாடை.

"எங்க வூட்டுக்காரு பட்டறைல கீற கார்பைடு கல்லு இது, தண்ணி பட்டா எரியிற கேஸு வுடும். இதுக்கு மந்திரமும் வாணாம், எங்கம்மா போட்ட கம்மலும் வாணாம்."

நழுவிய சாமியாரைத் துறைமுகத்துச் சுமைக்காரர் ரஷீது பிடித்துக்கொண்டார். பையைக் கொட்டினால், ஊரார் கொடுத்த கம்மலும் மோதிரமும் முழுசாக விழுந்தன. ஒரு குன்றிமணித் தங்கமும் பஸ்பமாகவில்லை.

கம்மலை மாட்டிக்கொண்டு அடைக்கலமேரி மறுபடி மண்ணெண்ணெய் வரிசையில் நின்றாள். பின்னால் நின்றவள் மெதுவாகக் கேட்டாள்: "யக்கா, அந்தக் கார்பைடு சாமி எந்தக் கோயில்ல கீது?"

வெயிலிலிருந்து எரிபொருள் எடுக்கும் காலம் நிஜமாகவே வரலாம். அப்படி ஒருவன் வந்தால் கும்பிடுமுன் ஒரு கோணியை நீட்டுங்கள். நிழலில் எரியாமல் போனால்தான் அவன் யோக்கியன்.