மரம் விழுந்ததும் மார்க் விழுந்ததும்

வடக்கனந்தல்
அக்டோபர் 1987

நெய்வேலியில் இருக்கும் மச்சான் அரங்கநாதன் அவர்களுக்கு, தங்கள் தங்கை வீட்டுக்காரன் சின்னக்கண்ணு வணக்கத்தோடு எழுதுவது. இங்கே நானும் தங்கள் தங்கை குஞ்சம்மாளும் சினைப்பசுவும் நலம். பத்தாவது படிக்கும் செவ்வந்தியும் உடம்பளவில் நலம். காலாண்டுப் பரீட்சையில்தான் கணக்கில் பன்னிரண்டு மார்க்.

என்ன ஏதென்று கேட்கப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பெரிய வாத்தியார் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். அப்போதே எனக்குப் பயம் வந்துவிட்டது. வகுப்பிலேயே செவ்வந்திதான் முதல் மார்க் என்றார். சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியாமல், "கணக்கு சார் இன்னாதான் பண்றாருங்க?" என்று கேட்டேன். கணக்கு வாத்தியாரே கிடையாதாம். டிரில் மாஸ்டர்தான் கணக்கு எடுக்கிறாராம், பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்து எண்ணச் சொல்கிறாராம். போன மாதம் ஒருவழியாக ஒருவரைப் போட்டார்களாம், அவரும் கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறியிருக்கிறார். அது இடஒதுக்கீடு கேட்டு நம் ஆட்கள் மறியல் செய்த வாரம். ரோட்டுக்குக் குறுக்கே புளியமரம் கிடந்ததைப் பார்த்து மனுஷன் அப்படியே திரும்பிப் போய், வேறு ஊருக்கு உத்தரவு வாங்கிக்கொண்டாராம்.

"எந்த மரமுங்க?" என்றேன்.

"ஏரிக்கரை மரம்" என்றார்.

அந்த மரத்துக்கு ரம்பம் இழுத்ததில் ஒரு முனை நான், மச்சான். செவ்வந்திக்குக் காலேஜில் இடம் கிடைக்கவேண்டும் என்றுதான் இழுத்தேன். இடம் கிடைக்க மரத்தை வெட்டணும், வெட்டினால் வாத்தியார் வரமாட்டார், வாத்தியார் வராவிட்டால் பாஸாக முடியாது, பாஸாகாமல் அந்த இடத்தை வச்சிக்கினு இன்னா பண்றது? இதையே யோசிச்சிக்கினு இருந்ததில் பசுவுக்குத் தண்ணீர் காட்டவும் மறந்து, தங்கள் தங்கையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஆகையால் பெண்ணைப் படிப்பிலிருந்து நிறுத்திவிட முடிவு செய்திருக்கிறேன். தாங்கள் வெள்ளிக்கிழமை வந்து, அங்கே தையல் பழக அழைத்துப் போகவும். அவளிடம் சொன்னதற்கு "சரிப்பா" என்றாள், அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால்கூட எனக்குப் புரிந்திருக்கும்.

அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி. அங்கே மழை மிச்சமிருந்தால் இந்தப் பக்கம் அனுப்பவும்.

இப்படிக்கு,
சின்னக்கண்ணு

பி.கு.: இதைத் தபாலில் சேர்க்கப் போனேன். பஸ், தபால் பை எல்லாம் ரோட்டிலேயே நிற்கிறது. பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் கணக்கு வாத்தியார் கேட்டு மறியல் செய்கிறார்கள். நடுவில் செவ்வந்தி. கையைப் பிடித்து இழுத்து வரலாம் என்று கிட்டே போனால், அவள் பக்கத்தில் தங்கள் தங்கை உட்கார்ந்திருக்கிறாள். "நீயும் ஒக்காருய்யா" என்றாள். உட்கார்ந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன். தாங்கள் வரவேண்டாம், வந்தாலும் பஸ்ஸை விடமாட்டோம்.