சோக்கா அண்ணையின் மூன்று பேர் கோஷ்டி

ரொறொன்ரோவில் இன்றைக்குத் தமிழர் கலியாணங்களில் சாப்பாடு முடிந்த கையோடு மாமா மாமிமாரெல்லாம் இடுப்பை ஆட்டுகிறார்கள் என்றால், அந்தப் புண்ணியமோ பாவமோ முழுவதும் ஒரே ஒரு மனிதரைத்தான் சேரும். சோக்கா அண்ணை. அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். அதைச் சொன்னால் அவரோடு பத்து வருஷம் பழகியவர்களே "அது ஆர்?" என்று கேட்பார்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மிசிசாகாவில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் ஒரு தொழிற்சாலையில் அண்ணை வேலை செய்தார். பாணுக்கு மேல் சீஸ் துண்டு வைப்பது அவர் பொறுப்பு. அதை இன்னொரு பாணால் மூடுவது பக்கத்தில் நின்ற வின்ஸ்டன் என்ற ட்ரினிடாட்காரரின் பொறுப்பு. ஒருநாள் வின்ஸ்டன் ஒரு கசெற்றைக் கொண்டுவந்து போட்டார். கரிபியன் தீவுகளில் கார்னிவல் காலத்தில் தெருவையே தூக்கிப் போட்டு ஆட்டும் இசை அது. அண்ணையின் கையில் சீஸ் அந்தரத்தில் நின்றுவிட்டது.

"சோக்காயிருக்கு!" என்றார், தன்னையறியாமல் தமிழில்.

"யெஸ், சோக்கா!" என்றார் வின்ஸ்டன்.

அண்ணை ஆங்கிலத்துக்கு மாறினார். "இந்தப் பாட்டு வகைக்கு என்ன பேர்?"

"சோக்கா."

"சோக்காத்தான், அது எனக்கும் விளங்குது. பேர் என்ன?"

"சோக்கா, மான், சோக்கா!"

அருமையாயிருக்கு என்பதற்கு நாங்கள் சொல்லும் சொல்லே அந்த இசைக்குப் பெயராகவும் இருக்கிறது என்பது விளங்க மத்தியானச் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது. அதுவரைக்கும், ஒரு ட்ரினிடாட்காரன் யாழ்ப்பாணத் தமிழ் பழகிவிட்டான் என்று அண்ணைக்கு ஒரே புளுகம், கால் நிலத்தில் படவில்லை. அன்றைக்கு ரொறொன்ரோவிலிருந்து பறந்த அத்தனை பேரும் சீஸ் இல்லாத வெறும் பாண்தான் சாப்பிட்டிருப்பார்கள்.

மூன்று மாதத்தில் கோஷ்டி பிறந்துவிட்டது. ரெக்கோர்டுகளும் ஸ்பீக்கர்களும் வின்ஸ்டனுடையவை. மைக்கில் கத்துவதும் அவர்தான். நிர்வாகம் அண்ணை. மூன்றாவது ஆள் நான். மில்லிக்கனில் ஒரு வீட்டின் பேஸ்மென்ற்றில் இருந்துகொண்டு, விளம்பரத் தாள் போடும் வேலை செய்துகொண்டிருந்த எனக்கு, என் இசை ஞானத்தைக் கண்டுதான் அண்ணை என்னைச் சேர்த்தார் என்று ஒரு நினைப்பு. ஒருநாள் கேட்டும்விட்டேன்.

"அண்ணை, என்னட்டை என்னத்தைக் கண்டு சேர்த்தனீங்கள்?"

"உம்மட்டை வான் இருக்கு, தம்பி."

அவர் யோசிக்கக்கூட இல்லை.

அண்ணை ஊரில் கச்சேரியில் இருந்தவர். பாட்டுக் கச்சேரி அல்ல, அரசாங்கக் கந்தோர். காணிப் பகுதியில் பதினேழு வருஷம் கிளாக்கர். அந்தப் பதினேழு வருஷத்தையும் அவர் அப்படியே சோக்கா இசைக்குள் இறக்கிவிட்டார். முழுக்கைச் சேட்டு, கழுத்தில் ரை, பொக்கற்றில் இரண்டு பேனை. ஒவ்வொரு ரெக்கோர்டுக்கும் மண்ணிறக் கோப்புறை, அதன் மேல் இலக்கம். எந்தப் பாட்டையும் அவர் பெயர் சொல்லிக் கேட்டதில்லை. "வின்ஸ்டன், ஃபைல் நம்பர் இருபத்தாறு" என்பார். வின்ஸ்டன் பக்கத்தில் நின்று துள்ளுவார். அண்ணை பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வைக்கு வந்தவர் மாதிரிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். அவருடைய ஒரு விரல் தாளம் போட்டுக்கூட நான் கண்டதில்லை.

எங்கள் முதல் நிகழ்ச்சி வின்ஸ்டனின் சொந்தக்காரர்கள் பூங்காவில் வைத்த ஒரு கோடைகால ஒன்றுகூடல். முதல் பாட்டிலேயே ஒரு பெரிய அம்மா ஓடிவந்து இன்ன பாட்டைப் போடு என்று சத்தம் வைத்தார். அண்ணை அசையவில்லை. பொக்கற்றிலிருந்து ஒரு கடதாசித் துண்டை எடுத்து நீட்டினார். தட்டச்சு அடித்த விண்ணப்பப் படிவம். பெயர், விரும்பும் பாட்டு, காரணம், கையொப்பம்.

அந்த அம்மா துண்டைப் பார்த்தார், அண்ணையின் ரையைப் பார்த்தார், பிறகு பூங்கா அதிரச் சிரித்தார். எங்களுக்கு அடி விழப்போகிறது என்று நான் வானின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டேன். ஆனால் அரை மணித்தியாலத்தில் ஒரு வரிசையே நின்றது. பிள்ளை குட்டிகளோடு வந்து, புல்லில் இருந்து, விழுந்து விழுந்து சிரித்தபடி படிவம் நிரப்பினார்கள். ஒரு விதவை, காரணம் என்ற இடத்தில், "பாட்டு எதுவானாலும் சரி, ரை கட்டிய மனிதரை எனக்குக் கட்டித் தரமுடியுமா?" என்று எழுதியிருந்தார். அண்ணை அதை ஆற அமர வாசித்துவிட்டு, 'பல்வகை' என்று எழுதிய கோப்பில் போட்டு வைத்தார். ஊரிலிருந்து வர விசாவுக்குக் காத்திருந்த மனைவிக்கு அதைப் பற்றி எழுதினாரோ தெரியாது.

அதற்குப் பிறகு கரிபியன் ஆட்களின் நிகழ்ச்சிகளுக்கு எங்களை விட்டால் ஆளில்லை என்றாயிற்று. தமிழ் ஆட்கள்தான் கூப்பிடவில்லை. அண்ணைக்கு அது உள்ளுக்குள் ஒரு குறை. கடைசியாக மோர்னிங்சைட் பக்கம் ஒரு கலியாணத்துக்கு, மத்தியான விருந்துக்கு அழைப்பு வந்தது. கலியாணத்துக்கு இரண்டு நாள் இருக்க வின்ஸ்டனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது.

"தம்பி, நீர்தான் மைக்," என்றார் அண்ணை.

இரண்டு நாள் குளியலறையில் ஷம்போப் போத்தலைப் பிடித்துக்கொண்டு ஒத்திகை பார்த்தேன். வின்ஸ்டன் வழக்கமாக ஆங்கிலத்தில் கத்துவதை எங்கள் சனத்துக்கு விளங்கும்படி தமிழாக்கம் செய்வது என்று என் சொந்த மூளையில் ஒரு யோசனையும் வந்தது. அந்த மூளையை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

விருந்து முடியும் தறுவாய். இருநூறு பேர் இருக்கும். ஃபைல் நம்பர் ஒன்பது தொடங்கியது. நான் அடிவயிற்றிலிருந்து கத்தினேன்:

"எல்லாரும் கையைத் தூக்குங்கோ!"

தூக்கினார்கள். ஒருவர் மிச்சமில்லாமல். ஆனால் ஒருவரும் ஆடவில்லை, ஒருவரும் சிரிக்கவில்லை. கரண்டிகளை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, கையைத் தூக்கியபடி, நேரே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வீடியோக்காரர் கமெராவைத் தரையில் வைத்துவிட்டுத் தூக்கினார். மாப்பிள்ளை மாலையோடு தூக்கினார். பெண்ணின் பெரியப்பா, எழுபது வயது மனிதர், இடது கையைத் தூக்கியபடி வலது கையால் சேட்டுப் பையைத் துழாவி, தன் ஹெல்த் கார்ட்டை எடுத்து, படம் தெரியும்படி உயர்த்திப் பிடித்தார்.

எல்லாரும் ஊரிலிருந்து வந்தவர்கள். இந்தச் சொற்களை இந்தச் சத்தத்தில் கடைசியாக அவர்கள் எந்த ஆமிச் சோதனைச் சாவடியில் கேட்டார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. உறைத்த உடனே நான் என்ன செய்தேன்? மைக்கோடு சேர்த்து என் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றேன்.

வின்ஸ்டன் மட்டும், இப்படி ஒரு ஒத்துழைப்பை எந்தச் சபையிலும் கண்டதில்லை என்று புல்லரித்துப்போய் நின்றார்.

அண்ணை பாட்டை நிற்பாட்டினார். என் உயர்த்திய கையிலிருந்து மைக்கை வாங்கினார்.

"எல்லாரும் இறக்குங்கோ. ஐயா, கார்ட்டைப் பொக்கற்றுக்கை வையுங்கோ. இஞ்சை ஒருத்தரும் செக் பண்ண மாட்டினம். இது ஆடுறதுக்குத் தூக்கிறது. விருப்பமில்லாட்டி இருக்கலாம், சாப்பிடலாம், வீட்டை போகலாம். எப்பிடித் தூக்கிறது எண்டு நான் காட்டுறன்."

ரையைத் தோளுக்குப் பின்னால் எறிந்துவிட்டு நடு ஹோலுக்குப் போனார். வின்ஸ்டன் ஊசியை இறக்கினார். அண்ணை இரண்டு கையையும் தூக்கி ஆடினார். ஆட்டமா அது? உயரத்தில் பல்ப் மாற்றப் போய் மின்சாரம் பிடித்த மனிதர் மாதிரி இருந்தது. இடுப்பு ஒரு பக்கம் போக, கால் மற்றப் பக்கம் போனது. ஒரு நிமிஷம் தனியாக ஆடினார். அவரை அவமானம் தின்னப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது அந்தப் பெரியப்பா ஹோலின் நடுவுக்கு வந்திருந்தார். "உதுக்கே கையைத் தூக்கச் சொன்னவன்? ஒழுங்காச் சொல்லியிருக்கலாமே, விசரன்!" என்று என்னைத் திட்டிக்கொண்டே ஆடத் தொடங்கினார். அவருக்குப் பின்னால் பெண்ணின் தாய், பிறகு மாப்பிள்ளையின் மாமிமார், பிறகு கதிரைகளைத் தவிர மற்ற எல்லாரும்.

திரும்பி வரும்போது ரோட்டையே பார்த்து வானை ஓட்டினேன். அண்ணைதான் கதையைத் தொடங்கினார்.

"நீர் கத்தினவுடனை நானும் தூக்கினனான், கண்டனீரோ?"

"இல்லையண்ணை."

"உமக்கு எங்காலை தெரியும்? நீர் நேரே முன்னுக்குக் கண்ணை முழிசிக்கொண்டெல்லோ நிண்டனீர்."

சிரித்தோம். பிறகு, நான் எத்தனையோ நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன். ஏன் இந்த இசை? ஊரிலை நாதஸ்வரம் இல்லையா, பாட்டு இல்லையா?

அண்ணை வெளியே பார்த்தபடி சொன்னார். "ஷெல் விழேக்கை நெஞ்சு இப்பிடித்தான் அதிரும், தம்பி. இதுவும் அதிருது. ஆனால் ஒண்டும் இடிஞ்சு விழேல்லை. பாட்டு முடிய எண்ணிப் பார்த்தால் எல்லாரும் இருக்கினம்."

அந்தக் கலியாணத்தின் பிறகு மூன்று வருஷம் எங்கள் காட்டில் மழை. ஸ்காபரோவில் எங்களைக் கேட்டுத்தான் முகூர்த்தமே வைத்தார்கள் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள், பாதியை நம்பினால் போதும். நானும் பிரபலமானேன். மரக்கறிக் கடையில் ஒரு அன்ரி என்னை உற்றுப் பார்த்து, "நீர்தானே அந்த ஆமிக்காரன்?" என்று கேட்டார். மைக்கை அதற்குப் பிறகு எனக்கு ஒருவரும் தரவில்லை. பெட்டி தூக்கினேன். ஒவ்வொரு ஞாயிறும் காலை ஒன்பதுக்கு வானைக் கொண்டுபோய் அண்ணையின் வாசலில் நிறுத்தி, முதுகு நோகுது என்று முறைப்பாடு சொல்லி, "அதை எழுதித் தாரும்" என்று அவரிடம் வாங்கிக் கட்டுவேன்.

கடைசியில் அவருடைய மனைவியும் இரண்டு மகள்மாரும் வந்து சேர்ந்தார்கள். மொன்றியலில் மனைவியின் அண்ணர் வேலையும் வீடும் பார்த்து வைத்திருந்தார். போகிற அன்று விடைபெறும் பேச்சு ஏதாவது பேசுவார் என்று காத்து நின்றேன். "வானுக்கு ஒயில் மாத்தும்" என்றார். மொன்றியல் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

அதற்கடுத்த ஞாயிறு, ஒரு நிகழ்ச்சியும் இல்லாத நாள், காலை ஒன்பதுக்கு அவருடைய வாசலில் வானை நிறுத்தி ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தேன். முன்பின் தெரியாத ஒரு பெண் கதவைத் திறந்து, யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டார். வானுக்கு ஒயில் மாத்த வந்தனான் என்று சொல்லிவிட்டு வானைத் திருப்பினேன்.