பாக்கெட்டில் ஒரு போல்ட்

வியர்வையைத் துடைக்கக் கைக்குட்டையை உருவியபோது, கூடவே ஒரு போல்ட் வந்து எலக்ட்ரீஷியனின் மடியில் விழுந்தது.

பள்ளி அரங்கில் நாடகம் தொடங்கியிருந்தது. அவருடைய மகளுக்கு நீதிபதி வேஷம். கடைசிக் காட்சியில்தான் வருவாள், ஆனால் நாடகத்திலேயே நீளமான வசனம் அவளுக்குத்தான். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று அவள் அதைச் சொல்லிச் சொல்லி, சமையலறைக் குக்கருக்கே மனப்பாடம் ஆகியிருக்கும்.

"என்னங்க, முகம் வெளுத்துப்போச்சு?" என்றாள் மனைவி.

"இது ஃபேக்டரி போல்ட்டு மாதிரி இருக்கு."

"இருந்தா இருக்கட்டும். உள்ள வைங்க."

"உள்ள வைக்கிறதா? எங்க இருக்கணுமோ அங்க இல்லாம இங்கல்ல இருக்கு!"

அவர் வேலை செய்வது பெயிண்ட் தொழிற்சாலையில். அங்கே பெயிண்டை இளக்கும் தின்னர் வைத்திருக்கும் அறையின் காற்றிலேயே தீப்பிடிக்கும் ஆவி கலந்திருக்கும். அதனால் விளக்கு ஒயர்களை எல்லாம் கனத்த இரும்புப் பெட்டிக்குள் வைத்து மூடியிருப்பார்கள். உள்ளே பொறி பறந்தாலும் நெருப்பு வெளியே வராது. ஆனால் மூடியின் எல்லா போல்ட்டும் இறுகியிருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அது வெறும் டப்பா. இன்று காலையில் அப்படி ஒரு பெட்டியைத் திறந்து மூடியது அவர்தான்.

வராந்தாவுக்கு ஓடி சூப்பர்வைசரைப் போனில் பிடித்தார்.

"சார், தின்னர் ரூம் பெட்டியில ஒரு போல்ட்டு போடாம வந்துட்டேன்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறியா? இரு, நானே பாத்துச் சொல்றேன். போன்லயே இரு."

"ஐயோ, போனோட உள்ள போகாதீங்க சார்! அதுலயே பொறி வரும்!"

சூப்பர்வைசர் சொன்ன பேச்சைக் கேட்கிறவர். போனை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். அதன்பின் எத்தனை முறை கூப்பிட்டாலும் மேஜையா பதில் சொல்லும்?

எலக்ட்ரீஷியன் கேட் வாட்ச்மேனைக் கூப்பிட்டார்.

"அந்த ரூம் விளக்கு லைனை மட்டும் வெளியில இருந்தே அணைச்சிடுப்பா."

சற்று நேரத்தில் வாட்ச்மேன் பெருமையாகச் சொன்னார். "எது எதுன்னு தெரியலண்ணே. மெயினையே இறக்கிட்டேன். தின்னர் ரூம் ஃபேனைக்கூட விட்டுவைக்கல."

"அடப்பாவி! அந்த ஃபேன்தான்யா ஆவியை வெளிய தள்ளுது!"

"அப்ப மறுபடி போட்டுடவா?"

"போடாதே!"

"போடவா, வேணாமா? தெளிவாச் சொல்லுங்கண்ணே."

"எதையும் தொடாதே! கதவை எல்லாம் திறந்து வச்சு, எல்லாரையும் வெளிய அனுப்பு. நான் வர்றேன்."

ஸ்கூட்டரை எடுத்தபோது அரங்கிலிருந்து கைத்தட்டல் கேட்டது. யாருக்கென்று தெரியவில்லை. திரும்பிப் போய்ப் பார்க்கலாமா என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனால் அந்த அறையிலிருந்து எல்லாரும் வெளியே வந்தார்களோ இல்லையோ. வண்டியை முறுக்கினார்.

தொழிற்சாலை வாசலில் ஷிஃப்ட் முழுக்க வெயிலில் நின்றது. கலக்கும் மெஷின் நின்றுபோனதால் தொட்டியில் பெயிண்ட் அடியில் படிந்துவிட்டது. சூப்பர்வைசர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இருட்டில் டிரம்மில் மோதிக்கொண்டாராம்.

ஆவி வடிந்துவிட்டதா என்று மீட்டரில் பார்த்த பிறகு, அந்த அறைக்கென்றே உள்ள டார்ச்சோடு எலக்ட்ரீஷியன் உள்ளே போனார். பெட்டியைத் தடவினார். எல்லா போல்ட்டும் இருந்தன. எல்லாம் இறுக்கமாகவே இருந்தன. அடுத்த பெட்டியையும் பார்த்தார், அதற்கடுத்ததையும் பார்த்தார். எங்காவது ஒரு ஓட்டை காலியாக இருந்துவிடக் கூடாதா என்று வாழ்க்கையில் முதல் தடவையாக ஏங்கினார். கையிலிருந்த போல்ட் எதிலும் சேரவில்லை.

"சரி விடு," என்றார் சூப்பர்வைசர். "உன் பொண்ணு நாடகம்னு சொல்லித்தானே லீவு கேட்ட? போய்ப் பாரு."

திரும்பி வந்தபோது அரங்கில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மகள் நீதிபதி அங்கியோடு தோழிகள் நடுவே சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சிடும்மா. அப்பா பாக்கலியே."

"பரவாயில்லப்பா. ரொம்ப நல்லாப் பண்ணேன்னு எல்லாரும் சொன்னாங்க."

அவள் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருக்கலாம். இப்படிச் சட்டென்று மன்னித்தது நெஞ்சில் குத்தியது. மனைவியும் மகளும் முன்னால் நடக்க, அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தார். கூடவே நடந்தாள் மச்சினி, நாடகம் பார்க்க வந்தவள்.

"ஊரைக் காப்பாத்தறேன்னு போய், ஒரு மணி நேரம் அப்பனா உக்கார முடியல பாரு," என்றார். "இனிமே அவ மேடை ஏறினா, இடியே விழுந்தாலும் முன் வரிசையை விட்டு நகர மாட்டேன்."

மச்சினி முன்னால் போகிறவர்களை ஒரு முறை எட்டிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அப்படி மட்டும் பண்ணிடாதீங்க மாமா. போன வருஷம் பொறி வருதுன்னு அவ வசனத்துக்கு நடுவுல மேடை ஏறி மைக் ஒயரைப் பிடுங்கினீங்களே, அந்தப் பயத்துல, இந்த போல்ட்டை என் கையில குடுத்து உங்க பாக்கெட்ல போடச் சொன்னதே அவதான்."